காதுக்காரியும் பாதி மூடிய வால்வும்

தெருமுனை கிளினிக் டாக்டர் ஒரே ஒரு தடவை, துணியை விலக்கி, தோல்மேல் குழலை வைத்துக் கேட்டிருந்தால், இவ்வளவு பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவர் கேட்கவில்லை. அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

காதுக்காரியைத் தண்ணீர் வாரியத்தில் தெரியாதவர் கிடையாது. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கணவர் அதே வாரியத்தில் குழாய் பதிக்கிறவர். பள்ளத்தில் மண் சரிந்து அவர் போன பிறகு, அவருக்குப் பதிலாக அவளை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த வேலை அலுவலகம் பெருக்குவது. நாலு வருடம் பெருக்கினாள். ஒருநாள் பெருக்கிக்கொண்டே வந்தவள் சுவரோரம் நின்றாள். துடைப்பக் கட்டையைச் சுவரில் ஊன்றி, அதன் நுனியில் காதை வைத்தாள். "ஐயா, இந்தச் சுவத்துக்குள்ள தண்ணி ஓடுது" என்றாள். பொறியாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வாரம் சுவர் ஊதி, பெயிண்ட் உரிந்து, அவருடைய மேசைமேலேயே ஒழுகியது. அதற்குப் பிறகுதான் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கையில் கம்பியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கம்பிதான் அவள் பிழைப்பு. ஆள் உயர இரும்புக் கம்பி, தலையில் கிண்ணம் போலக் கடைந்த மரக்கட்டை. கம்பியைச் சாலையில் ஊன்றி, கிண்ணத்தில் காதைப் பொருத்தினால் பூமிக்கடியில் நடப்பது கேட்கும். வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில், தெருத்தெருவாகப் போவாள். நல்ல குழாய் முணுமுணுக்கும். ஓட்டை விழுந்த குழாய் சீறும். வால்வைப் பாதி மூடி வைத்திருந்தால், இடுக்கு வழியே தண்ணீர் பிதுங்கிக்கொண்டு போகிற கரகரப்பு. கசிவு இருக்கிற இடத்தில் நீலச் சாக்பீஸால் பெருக்கல் குறி. ஆட்கள் தோண்டிச் சரிசெய்த பிறகு மறுபடியும் போய்க் கேட்பாள். சத்தம் அடங்கியிருந்தால் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு சரிக் குறி. வெள்ளைக் குறி விழாமல் அவள் எந்தப் பள்ளத்தையும் மூட விட்டதில்லை.

"வீட்டுல கதவுக்குக் கதவு காத வெச்சுப் பழகினவங்க, வேலை சுலபமாத்தான் வரும்" என்று தோண்டுகிற ஆட்கள் ஆரம்பத்தில் கிண்டல் அடித்தார்கள்.

"ஆமாப்பா, உன் வீட்டுக் கதவுலயும் வெச்சுப் பாத்தேன். உன் பொண்டாட்டி உன்னத் திட்டுறது நாலு தெருவுக்குக் கேக்குது, கம்பியே வேணாம்" என்றாள். அதோடு கிண்டல் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் குறி போட்ட இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனது இரண்டே தடவை.

வீட்டில் அவளும் அவள் நாத்தனாரும். கணவரின் தங்கை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, தையல் மிஷினைக் கட்டிக்கொண்டாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பழைய கால்சட்டைக்குப் புது ஜிப் என்று நாள் முழுக்கத் தடதடவென ஓடும். வயது ஐம்பத்தொன்று. வாய் கொஞ்சம் கூர்மை. அதனால் காதுக்காரி அவளை ஊசி என்றே கூப்பிடுவாள். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அறுபத்தெட்டுப் படி. இரண்டு பேரும் சண்டை போடாத நாளில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

உடம்புக்கு என்ன என்று நிஜமாகவே கேட்க வேண்டிய காலம் வந்தது. நாத்தனார் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்றாள். பிறகு முதல் மாடியிலேயே நின்றாள். நெஞ்சுக்கு நடுவே யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஒருநாள் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனை கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் கையில் போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, ஸ்வெட்டருக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை ஒரு ஒற்று ஒற்றினார். தபால் முத்திரை குத்துகிறவர்கூட அதைவிட அதிக நேரம் அழுத்துவார்.

"கேஸ், வெறும் வாயு" என்றார்.

இரண்டாவது தடவை போனபோது, "எடை கொஞ்சம் கூடுதல். வயசும் ஆகுதுல்ல" என்றார். மூன்றாவது தடவை பேனாவை மூடி வைத்துவிட்டு, பரிவான குரலில், "தனியா இருக்கிற பெண்கள், கவலை இருக்கும். மனசுதாம்மா எல்லாத்துக்கும் காரணம்" என்றார்.

வெளியே வந்து நாத்தனார் சொன்னாள். "அண்ணி, வயித்துல ஆரம்பிச்சு வயசுக்குப் போயி மனசுக்கு வந்துட்டாரு. நடுவுல நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கே, அது எப்ப வரும்?"

காதுக்காரி சிரிக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊன்றாமல், காது வைக்காமல், மூச்சை அடக்கிக் காத்திருக்காமல், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? அவளாவது சாலைக்குக் குறி போடுகிறாள். தப்பாகப் போட்டால் தார்தான் வீண்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள், வீட்டு இணைப்புகளுக்காக வைத்திருக்கும் முழங்கை நீளக் குட்டைக் கம்பியைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள்.

"படுடி ஊசி. மேல்பட்டனக் கழட்டு."

"எதுக்கு?"

"கேக்கப் போறேன்."

"என்ன ரோடுன்னு நெனச்சீங்களா? கேட்டு முடிச்சு நீலக் குறி போட்டுட்டீங்கன்னா நாலு பேரு கடப்பாரையோட வந்துருவாங்க."

"வாய மூடு. பேசினா உன் பேச்சுதான் கேக்கும்."

ஜன்னலை அடைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். கம்பியின் மழுங்கிய முனையை நெஞ்சில் அங்கே இங்கே வைத்துப் பார்த்தாள். நடு எலும்புக்கு வலப்பக்கம், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தபோது கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. துடிப்புக்குத் துடிப்பு, மரத்தை அறுக்கிற மாதிரி, சர்க், சர்க், சர்க். கழுத்துப் பக்கம் நகர்த்தினாள். அங்கேயும் அதே கரகரப்பு. வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம். அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் கேட்கிற சத்தம்.

"வால்வு பாதி மூடியிருக்கு" என்றாள்.

நாத்தனார் பட்டனைப் போட்டுக்கொண்டே, "நல்ல வேளை, முழுசா மூடலயே" என்றாள். குரல் மட்டும் ஒரு சுருதி இறங்கியிருந்தது.

அடுத்த நாளே கிளினிக்கில் போய் நின்றாள். கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எதை வெச்சுக் கேட்டீங்க?"

"குழாய் கேக்குற கம்பிங்க."

அவர் சிரிக்கக்கூட இல்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். உதவிக்கு நின்ற நர்ஸ்தான் சிரித்தாள். "நெஞ்சு என்னம்மா, குழாயா? இவ்வளவு சந்தேகம்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க" என்றார் டாக்டர்.

போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று ஜன்னலில் நின்று, நாலாவது ஜன்னலில் ஒரு சீட்டு வாங்கினாள். இதயப் பிரிவு, ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. முன்னால் நாள் இல்லையா என்று கேட்டதற்கு, ஜன்னலில் இருந்தவர், "மயக்கம் போட்டு விழுந்தா அவசரப் பிரிவுக்கு வாங்க" என்றார். விழுந்தால்தான் கதவு திறக்குமாம்! அந்தக் கோபத்தோடுதான் வீடு வந்தாள்.

அந்த ஐந்து வாரமும் நாத்தனாரைப் படி இறங்க விடவில்லை. தைக்கிற துணி கூடையில் கயிறு கட்டி மேலே வந்தது, தைத்த துணி அதே கூடையில் கீழே போனது. துவைப்பது, கூட்டுவது, தண்ணீர் தூக்குவது எல்லாம் காதுக்காரி. "என்ன அண்ணி, ராணி மாதிரி வெச்சிருக்கீங்க, ஏதாவது எழுதி வாங்கப் போறீங்களா?" என்று நாத்தனார் கேட்பாள். "உன் வாய எழுதிக் குடு, அத வெச்சு ஊரையே தைக்கலாம்" என்பாள் இவள்.

தினமும் காலையில் கம்பியை வைத்துக் கேட்பாள். முதல் வாரம் அதே அறுப்பு. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரக் கடைசியில் சந்தேகமாக இருந்தது. நாலாவது வாரம் சந்தேகமே இல்லை, சத்தம் குறைந்திருந்தது. கரகரப்பு போய், தூரத்தில் யாரோ துணியைத் தேய்க்கிற மாதிரி மெல்லிய ஓசை. ஐந்தாவது வாரம் அதையும் தேடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

காதுக்காரிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஓய்வு கொடுத்தது வேலை செய்திருக்கிறது! வேலைப் பையிலிருந்து வெள்ளைச் சாக்பீஸை எடுத்து, தையல் மிஷினின் கறுப்புக் கழுத்தில் ஒரு சரிக் குறி போட்டாள்.

"மூடிடலாமா பள்ளத்த?" என்றாள் நாத்தனார். அவள் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. இரண்டு தலையணை இல்லாமல் அவளால் படுக்க முடியவில்லை. இதெல்லாம் காதுக்காரி கண்ணில் பட்டதுதான். ஆனால் அவள் கண்ணைவிடக் காதை நம்பிப் பழகியவள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று பெரிய சாலையில் பிரதானக் குழாய் உடைந்து, பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை, உடனே வா என்று ஆள் வந்தது. "இன்னைக்குப் போகலேன்னா இன்னொரு நாள் வாங்கிக்கலாம், இப்பதான் நல்லாயிட்டுதே" என்று அவளே சொன்னாள். நாத்தனார் தலையை ஆட்டினாள். மறுத்துப் பேச அவளுக்கு மூச்சு இல்லை. பேசாமல் இருக்கிற ஊசியைப் பார்த்தாவது இவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, பாதி தைத்த சீருடைக் கழுத்துப் பட்டையின்மேல் நாத்தனார் முகம் கவிழ்ந்து கிடந்தாள். மிஷின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மகளும் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி அறுபத்தெட்டுப் படியும் இறக்கினார்கள். காதுக்காரி கால்மாட்டில் பிடித்தபடி, "ஏய் ஊசி, ஏய் ஊசி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

விழுந்துவிட்டாள் அல்லவா, அவசரப் பிரிவின் கதவு திறந்தது.

வந்த டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு. தூக்கமில்லாத முகம். சட்டையை விலக்கி, ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தோல்மேல் வைத்தார். வலப்பக்கம் மேலே, பிறகு கழுத்து, பிறகு கீழே. கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் யாரோ ஏதோ கேட்க, கையைத் தூக்கி நிறுத்தினார். காதுக்காரி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்கத் தெரிந்தவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று தடவை இதே முகத்தைத்தான் கிளினிக்கில் தேடினாள்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு காகிதத்தில் படம் போட்டார்.

"இதயத்தோட இடது அறையிலேர்ந்து உடம்பு முழுக்க ரத்தம் போற பெரிய குழாய் இது. அது கிளம்புற வாசல்ல ஒரு வால்வு இருக்கு. பிறை மாதிரி மூணு இதழ் இருக்கணும். இவங்களுக்குப் பிறவியிலேயே ரெண்டுதான். ரெண்டு இதழ் ஐம்பது வருஷமா மூணோட வேலையச் செஞ்சிருக்கு. தேய்ஞ்சு தேய்ஞ்சு சுண்ணாம்பு படிஞ்சு கல்லாயிருச்சு. தொறக்க மாட்டேங்குது. என்ன வேலை பாக்குறாங்க?"

"தையல்."

"கோட்டுப் பட்டன் அளவு இருக்க வேண்டிய வாசல், இப்ப சட்டைப் பட்டன் அளவு. அது வழியா முக்கி முக்கித் தள்ளி இதயத்தோட சதை தடிச்சுப் போச்சு. இப்ப அதுக்கே சோர்வு வந்துருச்சு. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"நான் விடல டாக்டர்! மூணு தடவ காட்டினோம், கேஸ்னாரு. நானே கம்பி வெச்சுக் கேட்டேன். வால்வு பாதி மூடுன சத்தம், நல்லாக் கேட்டுச்சு. அப்புறம்… சத்தம் கொறஞ்சுது டாக்டர். தினம் தினம் கொறஞ்சுது. சரியாயிட்டுதுன்னு நெனச்சு… செவ்வாக்கெழம வரல."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தண்ணி வாரியம். கசிவு கேக்குறவ."

டாக்டர் பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அப்ப உங்களுக்குத் தெரியும். பாதி மூடுன வால்வுல சத்தம் எப்ப குறையும்?"

"தொறந்து விட்டா."

"யாரும் தொறக்கல. அப்பவும் குறையுதுன்னா?"

பிரதான சாலை, நீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதான ஒரு கோடைக்காலம், கம்பியில் ஒவ்வொரு தெருவாகச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது எல்லாம் காதுக்காரியின் நினைவில் ஒரே சமயத்தில் வந்து நின்றன. இந்தக் கேள்வியைத் தெருவில் வைத்து யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லியிருப்பாள்.

"பின்னாலேர்ந்து தள்ற மோட்டார் ஓய்ஞ்சு போனா" என்றாள்.

"அதுதான்."

சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சரிக் குறி கண்முன்னால் வந்தது. அதைப் போட்ட கையைப் பார்த்தாள், அந்தக் கைக்கு ஒரு அடி போட வேண்டும் போல இருந்தது. பிறகு சட்டென்று எழுந்தாள். "வால்வ மாத்தலாமா? மாத்தலாம்னா எப்ப மாத்துவீங்க? நாலாவது ஜன்னல்ல போயி நாள் வாங்கிட்டு வான்னு மட்டும் சொல்லாதீங்க, சொன்னீங்கன்னா இங்கேயே படுத்துக்குவேன்."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "நெஞ்சுல இருக்குற தண்ணி வடியட்டும். சனிக்கிழமை."

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். நாத்தனார் மூக்கில் குழாய், கையில் ஊசி. காதுக்காரி கட்டில் ஓரத்தில் நின்று, "நான்தான்டி தப்பாக் குறி போட்டேன்" என்றாள்.

"தெரியும்" என்றாள் நாத்தனார் மெல்ல. "இருபத்திரண்டு வருஷத்துல… மூணாவது."

"சிரிக்காத. மூச்சு வாங்குது."

"அண்ணி. நான் வரலேன்னா அந்தச் சீருடைக்குக் காலர் மட்டும் பாக்கி. யார்கிட்டயாவது குடுத்துத் தைக்கச் சொல்லுங்க. நீங்க தைக்காதீங்க. பாவம், அதப் போட்டுக்கப் போற பொண்ணு."

"நீயே வந்து தைப்ப" என்றாள் காதுக்காரி. கோபமாகத்தான் சொன்னாள். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அழுகை வந்திருக்கும்.

சனிக்கிழமை நெஞ்செலும்பைத் திறந்தார்கள். இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்து, கல்லாகிப்போன இதழ்களை வெட்டி எடுத்து, அந்த வாசலில் உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். ஆறு மணி நேரம். காதுக்காரி நாற்காலியில் உட்காரவில்லை, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தே நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தமில்லாதது நல்லதா கெட்டதா என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரியவில்லை.

பிழைத்தாள். சுலபமாகப் பிழைக்கவில்லை. பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, அப்புறம் காய்ச்சல், அப்புறம் இருமினால் எலும்பு பிளக்கிற வலி. ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தளர்ந்துபோன சதை பழையபடி முழுசாகத் தேறுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் தேறியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த அன்று காதுக்காரி முதல் வேலையாக ஈரத் துணியால் மிஷின் கழுத்திலிருந்த சரிக் குறியைத் துடைத்தாள். பிறகு ஜன்னலை அடைத்துவிட்டுக் குட்டைக் கம்பியை எடுத்தாள். தழும்புக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தாள். டிக், டிக், டிக். கடிகாரத்தை முழுங்கின மாதிரி.

"கம்பியே வேணாம் அண்ணி, வாயத் தொறந்தா எனக்கே கேக்குது" என்றாள் நாத்தனார். "குறி போடலயா?"

"இனிமே உனக்குக் குறியெல்லாம் அந்த டாக்டர் பொண்ணுதான் போடும். நான் ரோட்டோட நிறுத்திக்கிறேன்."

மூன்று மாதம் கழித்து, நாத்தனார் படியில் இரண்டே இடத்தில் நின்று இறங்குகிற அளவுக்கு வந்த பிறகு, இரண்டு பேரும் தெருமுனை கிளினிக்குக்குப் போனார்கள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனார்கள். காதுக்காரி நாத்தனாரின் மேல்பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டினாள்.

"இதான் நீங்க சொன்ன கேஸ்."

டாக்டர் முகம் கறுத்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கிப் படித்தார், இரண்டு தடவை படித்தார். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "தேதி போட்டிருக்கே. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, நீங்க போகல. நீங்களும்தானே தாமதம் பண்ணிருக்கீங்க" என்றார்.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காதுக்காரி கையால் தடுத்தாள்.

"ஆமா. பண்ணினேன். தெனமும் அதச் சொல்லி என்ன நானே திட்டிக்கிறேன், அதுல உங்களுக்குப் பங்கு வேணாம். நான் குழாய்க்காரி. எனக்கு நெஞ்சு தெரியாது. தெரியாத எடத்துல காத வெச்சு, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீங்க எந்தக்காரரு? தெரிஞ்ச எடத்துல காதே வெக்கலயே!"

வெளியே பேச்சு நின்றுவிட்டது. கதவு திறந்தேதான் இருந்தது.

டாக்டர் மேசைமேல் சுருண்டு கிடந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார், கீழே வைத்தார். மறுபடியும் எடுத்து, நாத்தனாரைப் பார்த்து, "கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

"எனக்கு இப்ப சரியாத்தான் ஓடுது. வால்வு மாட்டினவங்க கேட்டுக்குவாங்க" என்றாள் நாத்தனார். "வெளிய இருக்கிறவங்களுக்குக் கேளுங்க."

இவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். அடுத்த முறை ஒரு கிழவருடையது. கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே சட்டைப் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு அவர் உள்ளே போனார். அவருக்குப் பின்னால் இருந்த பெண்மணியும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

காதுக்காரி வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். டாக்டர் இந்தத் தடவை போனை எடுக்கவில்லை.

"வாங்க அண்ணி, பஸ் போயிரும்."

"இருடி. எவ்வளவு நேரம் வெக்கிறாருன்னு பாத்துட்டு வர்றேன்."